இன்னும் ஒரே ஒரு பேப்பர்

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. குக்கர் இரண்டாவது விசில் அடிக்கும்போது காலிங் பெல்லும் அடித்தது. கூரியர்காரர். ஐம்பது வயது இருக்கும். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றார். அவர் கையில் இருந்த கவருக்குள் என் பாஸ்போர்ட் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பத்து நாளாக அதற்காகத்தானே காத்துக்கொண்டிருந்தேன்?

கையை நீட்டினேன். அவர் கவரைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு ஐடி ப்ரூஃப் கேட்டார். என் ஐடி ப்ரூஃபே அந்தக் கவருக்குள்தான் இருக்கிறது என்றேன்.

“இன்னா சார் பண்றது, ரூல் அப்படி கீது. நீங்கதான் அவருன்னு எனக்கு எப்படி சார் தெரியும்?”

நியாயமான கேள்விதான். ஆதார் கார்டை எந்த டிராயரில் வைத்தேன் என்று தேடி எடுத்து வருவதற்குள் ஆறு விசில் ஆகிவிட்டது. அன்றைக்குச் சாம்பாரில் பருப்பு எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை.

கவரைப் பிரித்தேன். பாஸ்போர்ட்டோடு ஒரு கடிதமும் இருந்தது. விசா இல்லை என்று எழுதியிருந்தார்கள்.

எந்த நாடு என்று கேட்கிறீர்களா? பெயர் வேண்டாமே... மறுபடி அப்ளை பண்ண வேண்டியிருக்கிறது.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் ஒரே மகள் அமுதாவைத் தெரியும். மாங்காய் சீசனில் போன் பண்ணி அழுபவள் என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன் – அமுதா ஒரு சமூகவியல்காரி. இருபது வருஷமாக வெளிநாட்டில் இருக்கிறாள்.

“சாஃப்ட்வேரா?” என்று கேட்பார்கள். இல்லை. “டாக்டர்னு போட்டிருக்கே, எந்த ஸ்பெஷாலிட்டி?” ஊசி போடுகிற டாக்டரும் இல்லை. உயிருக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிவந்தவர்கள் “எனக்கு இங்கே இடம் கொடுங்கள்” என்று இன்னொரு நாட்டின் ஆபீசில் போய் நிற்கிறார்கள் அல்லவா? அவர்களை அந்த ஆபீஸ் எப்படி விசாரிக்கிறது, யாரை நம்புகிறது, யாரை நம்ப மறுக்கிறது, அதில் தோலின் நிறத்துக்கு எவ்வளவு பங்கு இருக்கிறது – இதைத்தான் அவள் ஆராய்ச்சி பண்ணுகிறாள். விசாரணை நடக்கிற அறைகளின் கடைசி பெஞ்சில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருப்பது அவள் வேலை.

ஒரு தடவை போனில் சொன்னாள். ஒரு பெண் தன் கதையை அழுதுகொண்டே சொன்னாளாம். ‘ஒத்திகை பார்த்துவிட்டு வந்தது போல் இருக்கிறது’ என்று எழுதினார்களாம். இன்னொரு பெண் அழாமல் சொன்னாளாம். ‘உண்மையாக அனுபவித்தவர் இவ்வளவு சாதாரணமாகப் பேச மாட்டார்’ என்று எழுதினார்களாம். பின்னே எப்படித்தான் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். அதைக் கண்டுபிடிக்கத்தான்பா எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்றாள்.

அவளுடைய புத்தகம் என் மேஜையில் இருக்கிறது. நான்கு தடவை ஆரம்பித்திருக்கிறேன். முதல் அத்தியாயத்தைத் தாண்டியதில்லை. இங்கிலீஷ் வார்த்தைகள் எல்லாம் தெரிந்தவைதான். பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போதுதான் எனக்குப் புரியாமல் போகின்றன.

ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. தையல்காரர் தன் பெண் தைப்பதைப் பார்க்கலாம். டீச்சராக இருந்தால் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்காவது போய்ப் பார்க்கலாம். என் பெண் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. வருஷத்துக்கு இரண்டு வாரம் மயிலாப்பூருக்கு வருவாள். சாப்பிடுவாள், தூங்குவாள், மாட வீதியில் வளையல் வாங்குவாள், போய்விடுவாள். நாலு பேர் முன்னால் நின்று அவள் பேசும்போது குரல் எப்படி இருக்கும்? கையை ஆட்டிப் பேசுவாளா? எனக்குத் தெரியாது.

சரோஜாவுக்கும் தெரியாது. என் மனைவி போய் மூன்று வருஷம் ஆகிறது. “அவ பேசறதை ஒரு தடவை நேர்ல உக்காந்து கேக்கணுங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். முழங்கால் ஆபரேஷன் முடியட்டும், குளிர் குறையட்டும், என் ரிடையர்மென்ட் வரட்டும் என்று தள்ளிப்போட்டோம். தள்ளிப்போட்டது நான்தான். அவள் ஒன்றையும் தள்ளிப்போடவில்லை.

இந்த வருஷம் அமுதாவைப் பேராசிரியர் ஆக்கியிருக்கிறார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டாம். புதிதாகப் பேராசிரியர் ஆனவர் ஊரையே கூப்பிட்டு ஒரு உரை நிகழ்த்த வேண்டும். வீட்டு மனிதர்களுக்கு முதல் வரிசை. அமுதா எனக்கு அழைப்பிதழ் அனுப்பினாள். கீழே தமிழில் ஒரு வரி எழுதியிருந்தாள்: ‘கட்டாயம் வாங்கப்பா.’

போகாமல் இருப்பேனா? தி. நகருக்குப் போய் ஒரு கோட் வாங்கினேன். கடைக்காரர், சாருக்குச் சஷ்டியப்தபூர்த்தியா என்று கேட்டார். அது ஆகி எட்டு வருஷம் ஆகிறது என்று சொல்ல மனமில்லாமல், பெண்ணுக்கு விசேஷம் என்றேன். உடனே கல்யாணக் கோட் செக்ஷனுக்குக் கூட்டிப் போய்விட்டார்.

அமுதா விசாவுக்கு என்னென்ன பேப்பர் வேண்டும் என்று லிஸ்ட் அனுப்பினாள். கூடவே ஒரு எச்சரிக்கை: “கேட்டதுக்கு மட்டும் பதில் எழுதுங்கப்பா. லெட்டர் நான் எழுதி அனுப்பறேன். அதை மட்டும் வைங்க.”

லெட்டர் வந்தது. அரைப் பக்கம். பெயர், வயது, உறவு, தங்கும் நாட்கள், திரும்பும் தேதி. அவ்வளவுதான். இதைப் படித்துவிட்டு எந்த ஆபீசர் மனம் இளகுவார்?

இங்கே என் பூர்வாசிரமத்தைச் சொல்ல வேண்டும். முப்பத்து நான்கு வருஷம் அரசாங்க ஆபீசில் மனுக்களைப் படித்து ‘மேல் நடவடிக்கைக்கு’ எழுதி அனுப்பியவன் நான். திங்கட்கிழமை என்றால் மனு நாள். பட்டா கேட்டு, பென்ஷன் கேட்டு, தொலைந்த ரேஷன் கார்டு கேட்டு வருவார்கள். எந்த மனுவாக இருந்தாலும் ஒரு வரி கட்டாயம் இருக்கும்: ‘எனக்கு வேறு ஆதரவு யாரும் இல்லை.’ நான்கு பிள்ளை பெற்றவரும் அப்படித்தான் எழுதுவார். ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருகிறவர்கள் அந்த வரியைப் போடாமல் பேனாவை மூட மாட்டார்கள். ஏனென்றால் நம் ஊரில் வழி அதுதான். மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் ஒரு காரியம் ஆக வேண்டும் என்றால், இல்லாததைச் சொல்ல வேண்டும். இருப்பதைச் சொன்னால், உனக்குத்தான் இருக்கிறதே, கிளம்பு என்பார்கள்.

எனக்கா மனு எழுதத் தெரியாது? மகளின் அரைப் பக்கத்தை எடுத்து டிராயரில் வைத்தேன். நானே உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினேன். பத்தி எழுதுகிற கை வேறு... கேட்க வேண்டுமா?

மனைவி போய்ச் சேர்ந்ததை எழுதினேன். வீட்டில் சத்தம் இல்லை என்பதற்காகப் பார்க்காத டிவியை ஓடவிடுவதை எழுதினேன். ஒரு டம்ளர் அரிசி போட்டால் இரண்டு வேளை வருகிறது என்று எழுதினேன். இந்த ஊரில் எனக்காகக் காத்திருப்பவர் ஒருவரும் இல்லை, என் சந்தோஷம் எல்லாம் உங்கள் நாட்டில்தான் இருக்கிறது என்று முடித்தேன். அத்தனையும் உண்மை. எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது.

மறுப்புக் கடிதத்தில் இப்படி இருந்தது: ‘இந்தியாவில் உங்களுக்கு நெருங்கிய உறவுகள் யாரும் இல்லை என்று நீங்களே தெரிவித்திருக்கிறீர்கள். உங்கள் மகிழ்ச்சி முழுவதும் இந்த நாட்டில் இருப்பதாகவும் தெரிவித்திருக்கிறீர்கள். ஆகவே, நீங்கள் திரும்பிச் செல்வீர்கள் என்று எனக்குத் திருப்தி ஏற்படவில்லை.’

வரிக்கு வரி படித்திருக்கிறார் மனிதர். என் எழுத்தை இவ்வளவு கவனமாகப் படித்த வாசகர் இன்னொருவர் எனக்கு இல்லை.

கடிதத்தைப் போட்டோ எடுத்து அமுதாவுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது. நீங்கள் தனியாக லெட்டர் எழுதினீர்களா என்று கேட்டாள். மூன்றே மூன்று பக்கம்தான் என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மெதுவாகச் சொன்னாள்.

“எங்கிட்ட வர்றவங்க எல்லாம் வருஷக்கணக்கா அவங்க கஷ்டத்தைச் சொல்றாங்கப்பா. ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க. உங்க கஷ்டத்தை மட்டும் ஒரே தடவையில நம்பிட்டாங்க பாருங்க.”

யோசித்துப் பார்த்தேன். அடைக்கலம் கேட்கிறவர் ‘என்னால் திரும்பிப் போகவே முடியாது’ என்று நிரூபிக்க வேண்டும். பெண்ணைப் பார்க்கப் போகிறவன் ‘கட்டாயம் திரும்பிப் போவேன்’ என்று நிரூபிக்க வேண்டும். இரண்டையும் விசாரிப்பது ஒரே அரசாங்கம். ஒரே கட்டடமாகக்கூட இருக்கலாம். நான் மாடி மாறிப் போய் நின்றுவிட்டேன்.

மறுபடி அப்ளை பண்ண நாள் போதவில்லை. உரையை இன்டர்நெட்டில் காட்டுவார்கள், லிங்க் அனுப்புகிறேன் என்றாள். அவள் குரலில் இருந்தது வெறும் ஏமாற்றம் இல்லை. வேறு ஏதோ ஒன்று கைநழுவிப் போனது போல இருந்தது. அது என்ன என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

போன வெள்ளிக்கிழமை. அங்கே மதியம், இங்கே சாயங்காலம். விளக்கேற்றிவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். என்ன தோன்றியதோ, எழுந்து போய் அந்தக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். சென்னைப் புழுக்கத்தில் ஃபேனை ஐந்தில் வைத்து, கோட் பட்டனையும் போட்டுக்கொண்டு, தனியாக ஒரு கிழவன். பார்க்க யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

அமுதா மேடைக்கு வந்தாள். சரோஜாவின் அரக்குப் பட்டு கட்டியிருந்தாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். பேச ஆரம்பித்தாள். குரல் சரோஜாவின் குரல். எனக்கு இது எப்படி இவ்வளவு நாளாகத் தெரியவில்லை? கையை ஆட்டவில்லை. இரண்டு கையையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது போலப் பேசினாள்.

“நான் வாழ்க்கையில் பார்த்த முதல் குடியேற்ற அதிகாரி விமான நிலையத்தில் இல்லை. சென்னையில், எங்கள் வீட்டு ஹாலில் இருந்தார்.”

சபை சிரித்தது. நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில்தான் எனக்கு உறைத்தது.

இந்த வேலைக்கு உன் பெண் எப்படி வந்தாள் என்று யார் கேட்டாலும் ஒரு பதில் வைத்திருப்பேன். தொண்ணூறுகளில் எங்கள் ஃப்ளாட்டில், மாடியில், ஒரு இலங்கைத் தமிழ்க் குடும்பம் குடியிருந்தது. சிவராசா, அவர் மனைவி, தர்சினி என்று ஒரு பெண். அமுதாவுக்கும் தர்சினிக்கும் ஒரே வயது, பதிமூன்று. ஒன்றாகவே திரிவார்கள். அந்தப் பழக்கத்தில் வந்த ஆர்வம்தான் என்று பெருமையாகச் சொல்வேன். கேட்பவர்களும் தலையாட்டுவார்கள்.

கதை அதோடு முடியவில்லை. மீதியை நான் யாரிடமும் சொன்னதில்லை. அமுதா அங்கே, முன்பின் தெரியாத இருநூறு பேரிடம் சொன்னாள்.

அப்போது ஃப்ளாட் அசோசியேஷனுக்கு நான்தான் செக்ரட்டரி. ஊரே ஒரு பயத்தில் இருந்த காலம். இலங்கைக்காரர்களுக்கு வீடு கொடுத்தால் நாளைக்கு யார் பதில் சொல்வது என்று மற்ற வீட்டுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். நான் சண்டைக்காரன் இல்லை. எனக்குத் தெரிந்தது ஃபைல்தான். சிவராசாவிடம் போலீஸ் ஸ்டேஷனில் பதிவு செய்த காப்பி கேட்டேன். கொண்டுவந்தார். பழைய வீட்டுக்காரரிடம் ஒரு கடிதம் கேட்டேன். அதையும் கொண்டுவந்தார். பிறகு, உங்களைத் தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரின் கையெழுத்து வேண்டும் என்றேன். அலைந்து அதையும் வாங்கி வந்தார். சரி, இன்னும் ஒரே ஒரு பேப்பர் என்றேன்...

என்ன பேப்பர் என்று சத்தியமாக இப்போது எனக்கு நினைவில்லை.

நாலாம் தடவையும் அவர் வாசலிலேயே நின்றார். சரோஜா காபி கொண்டுவந்து கொடுத்தாள். நின்றபடியே குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “பரவாயில்லை அண்ணை, நாங்கள் வேற இடம் பார்க்கிறம்” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. மாதக் கடைசியில் சாமான்களை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சாலிகிராமம் பக்கம் என்று யாரோ சொன்னார்கள்.

நான் போகச் சொல்லவில்லை. பேப்பர்தான் கேட்டேன். முப்பது வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டது இதைத்தான்.

அந்த நேரத்தில் அமுதா உள் ரூமில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். கதவு திறந்திருந்தது என்பதை மேடையில் சொன்னாள். அதே மாதம் மூன்றாம் நம்பருக்குக் குடிவந்த வடநாட்டு பாங்க் ஆபீசரிடம் அதே ‘அதிகாரி’ ஒரு துண்டுச் சீட்டுகூடக் கேட்கவில்லை என்பதையும் சொன்னாள். வாஸ்தவம். அவருக்கு கேஸ் கனெக்‌ஷன் வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

பிறகு அமுதா கண்ணாடியைக் கழற்றினாள்.

“அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. போ என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. காபி கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் இன்னும் ஒரே ஒரு பேப்பர் கேட்டார், அவ்வளவுதான். ஒரு நல்ல மனிதர் அதை எப்படிச் செய்கிறார்? அதைப் புரிந்துகொள்ளத்தான் நான் இத்தனை வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.”

அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் பேசினாள். எனக்கு ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. கோட்டுக்குள் வேர்த்துக்கொண்டிருந்தது. கழற்றவும் தோன்றவில்லை. கடைசியில் சபை எழுந்து நின்று கைதட்டியது. கேமரா முதல் வரிசையைக் காட்டியது. நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து அவளே போன் பண்ணினாள். கோபமாப்பா என்று கேட்டாள். இல்லை என்றேன். உண்மையிலேயே இல்லை. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான் இருந்தது. நான் வந்து எதிரில் உட்கார்ந்திருந்தால் இதைச் சொல்லியிருப்பாயா?



“நீங்க வர்றீங்கன்னுதான்பா எழுதினேன். வீட்ல இதைச் சொல்ல எனக்கு வாயே வந்ததில்ல. என் வேலைக்கு நடுவுல, உங்க முகத்தைப் பாத்து சொல்லிட்டு, கீழ எறங்கி வந்து உங்க பக்கத்துல உக்காரணும்னு நெனச்சேன்.”

விசா மறுத்த அன்றைக்கு அவள் குரலில் கைநழுவிப் போனது எது என்று இப்போது புரிந்தது. நான் அங்கே போக ஆசைப்பட்டதைவிட, நான் அங்கே வர வேண்டும் என்று அவள் அதிகமாக ஆசைப்பட்டிருக்கிறாள். முப்பது வருஷமாகக் கையில் வைத்திருந்ததைக் கொடுக்க என்னைக் கூப்பிட்டாள். நான் மூன்று பக்கம் மனு எழுதி அந்த நாற்காலியைக் காலி பண்ணினேன். பட்ட அவமானம் எல்லாம் இரண்டாம்பட்சம். அவள் மேடையிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் உட்காரும்போது நான் அங்கே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இன்றைக்கு விசா ஃபாரத்தை மறுபடி திறந்திருக்கிறேன். டிராயரில் இருந்த அவளுடைய அரைப் பக்கத்தையும் எடுத்து வைத்துவிட்டேன். ஒரு கட்டம் மட்டும் பாக்கி இருக்கிறது: ‘நீங்கள் தாய்நாடு திரும்புவதற்கான காரணம் என்ன?’

போன தடவை இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இந்தத் தடவை இருக்கிறது. ஒருவரைத் தேட வேண்டியிருக்கிறது. அவர் சாலிகிராமத்தில் இருக்கிறாரா, எந்தக் கடல் தாண்டிப் போனார், இருக்கிறாரா... ஒன்றும் தெரியாது. இதைப் போனில் அமுதாவிடம் சொன்னேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தயவுசெஞ்சு அதை ஃபாரத்துல எழுதிடாதீங்கப்பா என்றாள்.

சரி, ஃபாரத்தில் எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன். சிவராசா, தர்சினி... உங்களில் யாராவது இதைப் படித்தால், வீடு அதே வீடுதான், மாடிப்படிக்கு இடது பக்கம். வாருங்கள், உள்ளே வந்து உட்காருங்கள்.

பேப்பர் எதுவும் கொண்டுவர வேண்டாம்.